அரக்குப் பட்டை வைத்த கோட்டு

மடிப்பு என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆளுக்குத் தன் மனைவியின் கோட்டைக் கண்டாலே ஆகாது. இத்தனைக்கும் தினமும் காலையில் அதைத் தேய்த்து, தோள் தொங்காமல் ஹேங்கரில் மாட்டிக் கொடுப்பவன் அவன்தான். வேறு யாரையும் தொட விடமாட்டான். அவ்வளவு எரிச்சலும் இவ்வளவு அக்கறையும் ஒரே மனுஷனிடம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

ஊரிலேயே பெரிய சலவை நிலையத்தில் அவனுக்கு வேலை. ஓட்டல், ஆஸ்பத்திரி, காவல் கம்பெனி என்று சீருடை போடுகிற கூட்டம் முழுக்க அங்கேதான் தன் அழுக்கை இறக்கிவிட்டுப் போகும். நீராவி இஸ்திரி மேஜையில் நின்று கோட்டுகளைத் தேய்ப்பது அவன் பங்கு. கால்சட்டையில் மடிப்பு ஒரு நூல் விலகினாலும் மறுபடி நனைத்துத் தேய்ப்பான் என்பதால் மடிப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவளும் முன்பு அங்கேதான் இருந்தாள். அடுத்த மேஜையில் படுக்கை விரிப்பு மடிப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே நீல ஏப்ரன், ஒரே ரப்பர் செருப்பு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே பெஞ்சு. அப்படியே பழகி, அப்படியே கல்யாணமும் ஆகிவிட்டது. பிறகு அவள் மாலை வகுப்புக்குப் போய்க் கணினி கற்றுக்கொண்டு, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தாள். முதலில் பின்னறையில் உட்கார்ந்து விவரம் ஏற்றுகிற வேலை. அப்போதெல்லாம் இவனுக்கு ஒரு குறையும் இல்லை. என் பெண்டாட்டி ஆபீசில் இருக்கிறாள் என்று சலவை நிலையத்து வேனோட்டியிடம் பீற்றிக்கொண்டுகூட இருந்தான். போன வருஷம் அவளை முன்மேஜைக்கு மாற்றினார்கள். முன்மேஜைக்காரர்கள் கருநீலக் கோட்டு போட்டாக வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். வந்தது வினை.

கோட்டு எதற்கு என்று ஒரு நாள் சாப்பிடும்போது அவளே விளக்கினாள். விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள், கடை எரிந்துபோனவர்கள் என்று பாவம், பதறிப்போய்த்தான் அந்த மேஜைக்கு வருவார்களாம். எதிரே இருப்பவர் அலுவலகத்தின் சார்பாகப் பேசுகிறார் என்று பார்த்ததும் தெரிய வேண்டுமாம். அதற்குத்தான் கோட்டு.

"அதே நான்தாங்க, அதே பதில்தான். சாதா உடுப்புல இருந்தப்போ நான் சொல்றதையெல்லாம் கேட்டுட்டு, பெரியவங்க யாராவது இருந்தா கூப்பிடும்மான்னு சொல்வாங்க. இப்ப கோட்டைப் பாத்ததும் கேள்வியே இல்ல, நம்பிடறாங்க. மரியாதை துணிக்குத்தான்னு தெரியுது. ஆனாலும் நல்லாத்தான் இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் மடிப்புக்கு வயிறு பற்றிக்கொண்டது. நல்லாத்தான் இருக்காம்! இவன் எத்தனையோ ஆயிரம் கோட்டைத் தேய்த்திருக்கிறான், ஒன்றுகூட இவனைப் பார்த்து எவனையும் எழுந்து நிற்க வைத்ததில்லை. அன்றிலிருந்து அவள் காலையில் பொத்தான் போடுவதை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தான். முதல் பொத்தான் வரைக்கும் அவன் மனைவி. கடைசிப் பொத்தான் ஏறியதும் முதுகு நிமிர்ந்துவிடும், குரல் மாறிவிடும், வேறு யாரோ ஒருத்தி வாசலில் நின்று, "சாயங்காலம் பால் வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். கீழ்வீட்டுக்காரர் அவளைக் கண்டால் படியில் ஒதுங்கி வழிவிட்டார். அதே ஆள் இவனைக் கண்டால், "ஏம்பா, குழாய்ல தண்ணி வருதா?" என்பார். அதே படி, அதே வீடு. மனுஷன் வேகமாட்டானா?

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. துணி விஷயத்தில் ஒன்று உண்டு. நீராவி பட்டதும் அது ஒளித்து வைத்திருக்கிற வாசனையையெல்லாம் வெளியே விட்டுவிடும். வியர்வையோ சிகரெட்டோ ஆஸ்பத்திரி மருந்தோ, எதுவானாலும் தப்பாது. ஒரு நாள் காலை அவள் கோட்டின் தோள்பக்கம் இஸ்திரியை வைத்தபோது குப்பென்று ஒரு வாசனை எழுந்தது. அவளுடையது இல்லை. மரத்தூளும் எலுமிச்சையும் கலந்த மாதிரி, ஆம்பிளைகள் பூசிக்கொள்கிற தினுசு. மறுநாளும் மோந்து பார்த்தான், இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

அவன் நினைப்பு நேராக அவளுடைய மேலாளரிடம் போய் நின்றது. அவள் பேச்சில் அந்த மனுஷர் தினமும் ஒரு தடவையாவது வந்துவிடுவார். சார் இப்படிச் சொன்னார், சார் அப்படிச் சொன்னார், சார் சொன்னதைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆளை இவன் பார்த்ததே இல்லை. பார்க்காததால் நல்ல உயரமாக, மீசையை ஒழுங்காகக் கத்தரித்து, தோள் அகலமாக ஒருவனைத் தானே செய்து வைத்துக்கொண்டான். செய்து வைத்தவனைப் பார்த்துத் தானே வயிறெரிந்தான்.

இந்த வாசனை ஏது என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும், பதில் கிடைத்துவிட்டால் புழுங்குவதற்கு என்ன மிச்சம் இருக்கும்? அவன் கேட்காமலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அவளும் என்ன என்ன என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள்.

இந்த நேரத்தில்தான் அந்த விருந்து வந்தது. அலுவலகத்தின் ஆண்டுக் கூட்டம், பெரிய ஓட்டலில், முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு. குடும்பத்தோடு வரலாம். ஆண்கள் கட்டாயம் கோட்டும் டையும் அணிந்து வரவேண்டும் என்று அழைப்பின் அடியில் அச்சடித்திருந்தது. அவள் அதைக் கொண்டுவந்து காட்டி, கோட்டு வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளலாம், வருகிறீர்களா என்று கேட்டாள்.

வருகிறேன் என்று சொல்லவேண்டியதுதானே? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வாய் இருக்கிறதே!

"ஊரான் கோட்டையெல்லாம் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை காச்சுப்போச்சு. நானும் ஒண்ண மாட்டிக்கிட்டு பொம்மை மாதிரி வந்து நிக்கணுமா? ஆளை விடு."

இரண்டாவது தடவை அவள் கேட்க வேண்டும். கொஞ்சம் கெஞ்ச வேண்டும். நீங்கள் வராமல் எனக்கு என்ன விருந்து என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, சரி சரி, உனக்காக வருகிறேன் என்று இவன் பெரிய மனது பண்ணுவதாக இருந்தான். அவளோ, "சரி, உங்க இஷ்டம்" என்று அழைப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் கேட்பாள் என்று பார்த்தான். அந்த வாரம் முழுக்கப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. நான் வராமல் இருப்பதுதான் அவளுக்கு வேண்டியது என்று தீர்மானித்துவிட்டான். இஸ்திரி போடுகிறவனை அந்தக் கோட்டுக்காரர்கள் நடுவில் காட்ட வெட்கம், அல்லது அந்த மேலாளருக்குப் பக்கத்தில் காட்டப் பயம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

வேனோட்டி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். அந்த ஓட்டலுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன்தான். "உங்க வீட்டம்மா ஆபீஸ் விருந்து நம்ம ஓட்டல்லதானாமே, எல்லாரும் ஜோடி ஜோடியா வராங்களாம், நீ போகலையா?" என்று கேட்டு, இவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதைப் பார்த்துப் பேச்சை மாற்றினான். மாற்றின பேச்சில்தான் விஷயமே இருந்தது. பெரிய விருந்து என்றால் பரிமாற வருகிறவர்களில் பாதிப்பேர் வெளியாட்களாம், அன்றைக்கு மட்டும் கூலிக்கு வருகிறவர்கள். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாதாம். கோட்டு போட்டிருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே, அவ்வளவுதான் கணக்கு என்றான்.

மடிப்பு அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இஸ்திரியை ஓட்டினான். பரிமாறுகிறவன் முகத்தை எவன் பார்க்கிறான்? இவனே பார்த்ததில்லையே. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு வரும், தட்டை வைக்கும், போகும். ஊரில் ஆள் தெரியாமல் நடமாட வேண்டுமென்றால் முக்காடு தேவையில்லை, ஒரு தட்டும் கறுப்புக் கோட்டும் போதும்.

விருந்து நாளன்று அவள் கிளம்பிப் போனதும், சலவை நிலையத்துக்குப் போய், பல் வலிக்கிறது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, ஓட்டலுக்குப் போகத் தயாராகத் தொங்கிய கோட்டு வரிசையில் புகுந்தான். ஒன்று தோளில் இறுக்கியது. ஒன்று ஆளையே முழுங்கியது. ஒரே ஒரு கோட்டுதான் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. மற்றதெல்லாம் வெறும் கறுப்பு, இதில் மட்டும் காலரில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த கோட்டுதான். அந்தப் பட்டையைப் பற்றி அவனுக்குத் தெரிந்த ஒரே சங்கதி, சூடு அதிகமானால் சாயம் விடும், மேலே ஈரத்துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஓட்டலுக்குள் அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் யோசித்ததே இல்லை. சலவை நிலையத்தில் யாரும் யோசித்ததில்லை. அங்கே துணிக்குக் கறைதான் உண்டு, பதவி கிடையாது.

ஓட்டலின் பின்வாசல் காவலாளி இவனைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மடிப்போ உள்ளே நழுவுகிற அவசரத்தில் இருந்தான். சமையலறைக்குள் கால் வைத்ததும் பெரிய சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு, "அப்பாடா, அனுப்பிட்டாங்களா" என்று மூச்சுவிட்டார்.

"எங்க கேப்டன் லீவு. வேற கிளையிலிருந்து ஆள் அனுப்பறோம்னு சொல்லிட்டு காலையிலேர்ந்து ஆளையே காணோம். நல்ல நேரத்துல வந்தீங்க கேப்டன். சூப் அனுப்பலாமா?"

மடிப்பு திருதிருவென்று விழித்தான். கேப்டன் என்றால் பரிமாறுகிறவர்களை மேய்க்கிறவர், கூடத்துக்கே பொறுப்பானவர் என்பது அங்கே நின்ற கொஞ்ச நேரத்தில் விளங்கியது. அரக்குப் பட்டையின் அர்த்தமும் விளங்கியது. வெறும் கறுப்பைப் போட்டிருந்தால் எவனும் சீந்தமாட்டான். அந்தப் பட்டை எதற்கென்றால், விருந்தாளிக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கு. கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று தேடித் தேடி, அந்தக் கட்டடத்திலேயே எல்லோர் கண்ணிலும் படுகிற கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தான் புண்ணியவான்.

திரும்பி ஓடலாம் என்றால் பின்னால் பெரிய சமையல்காரர். "ம்" என்று முனகினான். முனகியதும் ஒரு வரிசை சூப் கிண்ணங்கள் கதவைத் தாண்டிப் போயின. பரிமாறுகிற பெண் ஒருத்தி, சின்ன வயசு, படபடவென்று பேசுகிறவள், இவனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். கேப்டன், ரொட்டி வைக்கட்டுமா. கேப்டன், அந்த மேஜைக்குத் தண்ணி போகலை. எல்லாவற்றையும் அவள் இவன் காலரைப் பார்த்தே கேட்டாள். இவனும் எல்லாவற்றுக்கும் "ம்" என்றான். ஆச்சரியம் என்னவென்றால், வேலை நடந்தது. தெரியாதவன் முனகுகிறான் என்று எவருக்கும் தோன்றவில்லை, பட்டை முனகினால் உத்தரவு.

கூடத்துக்குள் தலையை நீட்டினான். எங்கே பார்த்தாலும் கோட்டு. சன்னல் பக்கத்து வட்ட மேஜையில் அவன் மனைவி இருந்தாள். அன்று காலை அவனே தேய்த்துக் கொடுத்த கருநீலக் கோட்டு, ஒரு சுருக்கம் இல்லை. அவள் எதையோ சொல்ல, மேஜையே சிரித்தது. சிரித்துக்கொண்டே தலையைப் பின்னால் சாய்த்தாள். அந்தச் சிரிப்பை இவன் எப்போது பார்த்தான்? விரிப்பு மடிக்கிற மேஜையில் இருந்தபோது பார்த்தது. வீட்டில் அதைக் கண்டு எத்தனையோ காலமாகிறது. இவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிறாளா என்று நெஞ்சு எரிந்தது. சுவரோரமாகவே நகர்ந்து, தூணுக்குப் பின்னால் போய் நின்றான்.

எங்கே அந்த மேலாளர்? மீசையையும் தோளையும் தேடினான். அதே மேஜையில் எல்லோரும் சார் சார் என்று கூப்பிட்ட ஆள் குள்ளமாக, வயிறு கோட்டுப் பொத்தானோடு சண்டை போட, நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம். ஒத்துக்கொள்ளாததையெல்லாம் அந்த அம்மாவின் தட்டிலிருந்து அவர் பொறுக்கிப் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். இவரா? இவரை நினைத்தா இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தோம் என்று மடிப்புக்கு அவமானமாக இருந்தது.

அப்போதுதான் அந்த மேஜையிலிருந்து அலுவலகத்து வழுக்கைத்தலைக் கணக்கர் கைகழுவ எழுந்து தூணை உரசிக்கொண்டு போனார். குப்பென்று வாசனை. அதே மரத்தூள், அதே எலுமிச்சை. மடிப்பு மூக்கைத் தூக்கினான். பின்னால் அதே மேஜையிலிருந்து ஓர் இளம்பெண் போனாள், அவளிடமும் அதே வாசனை. அந்த அலுவலகத்துக் கோட்டு எதுவெல்லாம் அந்த வழியாகப் போனதோ அதிலெல்லாம் இருந்தது. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கோட்டைக் கழற்றி மாட்டுகிற அலமாரிக்குள் எவரோ ஒரு வாசனைக் கட்டியை வாங்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஹேங்கர் படுகிற தோளில் ஏறியிருந்ததே, இஸ்திரிக்காரனுக்கு அது தோன்ற வேண்டாமா? ஓர் அலமாரியைப் பார்த்தா மாதக்கணக்கில் வயிறெரிந்தான்!

சரி, சந்தேகம் தீர்ந்தது, பேசாமல் வந்த வழியே போயிருக்கலாம். ஆனால் வயிற்றெரிச்சல் ஆள் கிடைக்கவில்லை என்று அடங்கிப்போகிற சரக்கா என்ன? இப்போது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த எல்லோர் மேலும் எரிந்தது. அவளுக்கு உப்பை நகர்த்தி வைத்தவர் மேல், அவள் பேசும்போது சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டவர் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி மேல். அதில் ஆள் இல்லை. அவளுடைய கைப்பைதான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. முன்னால் தட்டும் கிண்ணமும் தொடாமல் இருந்தன.

பரிமாறுகிற பெண் அவன் காலரண்டை வந்தாள். அடுத்த மேஜையில் ஒருவருக்கு நாற்காலி இல்லை, அதை எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

"அந்த மேடம் ரெண்டு தடவை வேணாம்னுட்டாங்க. வீட்டுக்காரர் கோவத்துல இருக்கார், மனசு மாறி வந்தாலும் வருவாருன்னு சொல்றாங்க. இனிமே எங்க வரப்போறார்? நீங்க சொன்னா எடுத்துடறேன் கேப்டன்."

மடிப்பு அந்தக் கைப்பையை மறுபடி பார்த்தான். அவள் இடம் போட்டு வைத்திருக்கிறாள். இவன் வராமல் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்ததெல்லாம் இவனாகக் கட்டின கதை. கோட்டு போட்டவர்கள்தான் உட்காரலாம் என்ற சட்டப்படி பார்த்தால் இவனும் கோட்டு போட்டுத்தான் இருந்தான். நாலு எட்டு வைத்தால் அந்த நாற்காலி. போய் உட்கார்ந்துவிடலாமா? காலரில் பட்டையோடு எப்படி உட்காருவது? என்ன சொல்வது அவளிடம்? உன்னை வேவு பார்க்க வந்தேன் என்றா? வாயைத் திறந்து தொண்டையைச் செருமினான். அந்தப் பெண்ணுக்கு அது போதும். உத்தரவு என்று எடுத்துக்கொண்டு போய், கைப்பையைப் பணிவாக மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் மனைவி ஏதோ சொல்ல நிமிர்ந்து, சொல்லாமல் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஏசி சொட்ட ஆரம்பித்தது. மேலாளரின் சம்சாரம் தலையில் ஒரு சொட்டு, தட்டில் ஒரு சொட்டு. மேலாளர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கறுப்புக் கோட்டுகள் நாலைந்து பக்கத்திலேயே நின்றன, அவர் பார்வை எதிலும் நிற்கவில்லை. தூணுக்குப் பின்னால் தெரிந்த அரக்குப் பட்டையில் வந்து நின்றது. விரலைச் சொடுக்கினார்.

போகாமல் இருக்க முடியாது. மடிப்பு தலையைக் குனிந்துகொண்டே போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். எதிரே அவள். அவள் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. பார்த்துவிட்டாள்.

மேலாளர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசினார். இவ்வளவு பணம் வாங்குகிறீர்கள், ஒரு மேஜையை ஒழுங்காகப் போடத் தெரியாதா, பெண்கள் உட்காருகிற இடத்தில் சாக்கடை மாதிரி ஒழுகுகிறதே, பொறுப்பானவர் என்று காலரில் பட்டை கட்டிக்கொண்டு நின்றால் போதுமா. நல்ல மனுஷர்தான், சம்சாரத்தின் தலை நனைந்த கோபம். மடிப்பு பேயறைந்த மாதிரி நின்றான். பதில் வராததால் அவருக்குக் கோபம் ஏறியது. காது கேட்கிறதா இல்லையா, உன் மேலே இருக்கிறவனைக் கூப்பிடு என்று குரலை உயர்த்தினார். பக்கத்து மேஜைகள் திரும்பின.

அவள் எழுந்து நின்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. இவன் ஏன் இங்கே வந்தான், எதற்கு இந்தக் கோட்டு, யாரிடம் சொல்லிவிட்டு வந்தான், எதுவுமே தெரியாது. முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சார், அவரைத் திட்டாதீங்க. இவர் என் வீட்டுக்காரர்."

மேலாளர் இப்போதுதான் திரும்பி, முதல் தடவையாக மடிப்பின் முகத்தைப் பார்த்தார். கணக்கர் பார்த்தார், இளம்பெண் பார்த்தாள். காலரிலிருந்து எல்லாக் கண்ணும் முகத்துக்கு ஏறின. இத்தனை மாதமாக இந்த மனுஷன் எதற்காகச் செத்துக்கொண்டிருந்தானோ அது இதுதான். என்னை நாலு பேர் முன்னால் தன்னவன் என்று சொல்வாளா மாட்டாளா? சொல்லிவிட்டாள். ஊரான் கோட்டைத் திருடி மாட்டிக்கொண்டு திருட்டு முழி முழிக்கிறவனை, மேலாளர் முன்னால், பெரிய பெரிய கோட்டுகள் முன்னால், எழுந்து நின்று சொல்லிவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும்.

மடிப்புக்கு அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் அந்தக் கண்கள்தான். கூலிக்குப் பரிமாறுகிறவனா இவள் புருஷன் என்று கேட்கிற கண்கள். அல்லது அப்படிக் கேட்பதாக அவன் நினைத்த கண்கள். வெட்கம் அவளுக்கு இருக்கும் என்று அத்தனை நாள் தேடினானே, அது முழுக்க முழுக்க இவனிடம்தான் இருந்தது.

"மேடம் வேற யாரோன்னு நினைச்சுட்டாங்க சார். நான் இந்த ஓட்டல் ஆளு. மேஜையை இப்பவே மாத்திடறேன்."

யார் சொன்னார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு பணிவாக வந்தது. மேலாளருக்கு மூச்சு வந்தது. கடகடவென்று சிரித்து, இந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள், என் தம்பியையே ஒரு தடவை தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டேன் என்றார். மேஜை சேர்ந்து சிரித்தது. வீட்டுக்காரர் வரவில்லையென்று பாவம், பார்க்கிற இடமெல்லாம் அவராகவே தெரிகிறது என்று இளம்பெண் கேலி செய்தாள். அவன் மனைவி சிரிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தாள். கோட்டின் பொத்தானை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மேஜையை மாற்றினார்கள், இனிப்பு வந்தது, கைதட்டினார்கள், கூட்டம் எழுந்தது. மடிப்பு பின்கதவு வழியாகப் போகலாம் என்று திரும்பினான். அந்தப் படபடப் பெண் விடுவாளா? கேப்டன், விருந்தாளிங்க கிளம்புறாங்க, வாசல்ல நீங்கதானே நிக்கணும் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கொண்டுபோய் முன்வாசலில் நிறுத்திவிட்டாள். வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து, மறுபடியும் வாங்க என்று சொல்ல வேண்டுமாம். பட்டைக்காரர் வேலையாம் அது. சொன்னான். மேலாளருக்குச் சொன்னான், அவர் சம்சாரத்துக்குச் சொன்னான். மேலாளர் கோபம் தீர்ந்து இவன் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் கணக்கரோடு வந்தாள். தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்தான். நின்றாள். கணக்கரும் நின்றார். பின்னால் ஜனங்கள் நின்றார்கள். அவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கடை எரிந்தவர்களிடமும் புருஷனைப் பறிகொடுத்தவர்களிடமும் பேசுகிற அந்த முன்மேஜைக் குரலில், அவன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"மன்னிச்சுக்கங்க. உங்களை எங்க வீட்டுக்காரர்னு நினைச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். அவருக்கு ஆயிரம் கோவம் இருக்கும், ஆனா நாலு பேர் முன்னாடி என்னைத் தெரியாதுன்னு சொல்ற ஆள் இல்ல அவர்."

அவன் உதடு அசைந்தது. நான்தான்டி என்று கத்த வேண்டும் போலிருந்தது. கணக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். தலை தானாகக் குனிந்தது.

"மறுபடியும் வாங்க மேடம்," என்றான்.

அவள் பரிமாறுகிறவர்களுக்கு ஆட்டுகிற மாதிரி தலையை லேசாக ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். வரிசை நகர்ந்தது. அடுத்து வந்தவருக்கும் அவன் அதையே சொன்னான்.